நுனியின் வயது

வீவக குலுக்கலில் எண் விழுந்த அன்று
தெக்காவில் ரொஹாயாவின் கடையில்
பையன் மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டேன்.
சாவி கைக்கு வரும்வரை
இனிக் கத்திரி படாது என்றேன்.
சவால்தான், வேண்டுதல் ஒன்றுமில்லை.
குணாளன் சிரித்தான்:
"வீடு முந்துமா, முடி முந்துமா?"

அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
இடுப்பில் எந்நேரமும் ஓர் எஃகு நாடா.
மாதத்தின் முதல் ஞாயிறு
என்னை முக்காலியில் உட்கார்த்தி
பின்மண்டையிலிருந்து ஒரு கற்றையை நீவி இழுத்து
வாடகை அறை அலமாரிக் கதவின் உட்புறம்
பென்சிலால் கோடு போடுவான்.
ஒன்று. ஒன்றே கால். சில மாதம் ஒன்றுக்கும் குறைவு.
"உன் தலைக்கும் புத்தாண்டு லீவா?"

முப்பது நாள்
யார் யார் கையிலோ நரம்பு தேடி
குழாயில் ரத்தம் நிரப்பி
பூன் லேயில் பஸ் மாறி
வீடு வந்து படுத்து எழுந்தால்
ஒரு சென்டிமீட்டர்.
சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

தெங்காவில் எங்கள் புளோக்
இரண்டு வாரத்துக்கு ஒரு மாடி ஏறியது.
பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து எண்ணுவோம்.
அது ஒன்பதாவது மாடியில் நின்றபோது
எனக்குத் தோளைத்தான் உரசியது.

நின்றபோது என்றா சொன்னேன்?
உண்மையிலேயே நின்றது.
கிரேன்கள் கழுத்தை நீட்டியபடி
ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன, வாரக்கணக்காக.
சலூன்களுக்கும் பூட்டு.
மழை வந்து
பாதிச் சுவர்களைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

அந்த ஏப்ரலில் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது.
ஊழியர் விடுதி. இரண்டடுக்குக் கட்டில்கள்.
கவிழ்த்த வாளியில் ஒருவன்,
கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு.
பொட்டலம் பிரிக்கும் கத்திரியால்
இன்னொருவன் வெட்டுகிறான்.
"காத விட்டுர்றா மாப்ள" என்கிறது குரல்.
அறையே சிரிக்கிறது.
எங்கள் ஒன்பதாவது மாடியை ஊற்றியவர்களா?
தெரியாது. ஏதோ ஒரு மாடியை
யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.
வெளியே விடவில்லை அவர்களை.
முடி அவர்களுக்கும் வளர்ந்தது,
எனக்கு வளர்ந்த அதே வேகத்தில்.

அந்த ஞாயிறு குணாளன் நாடாவை எடுத்தான்.
அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன்.
பிறகு அவனும் கேட்கவில்லை.

ஐம்பத்து நான்காம் மாதம் சாவி.
ரொஹாயா கொண்டையை அவிழ்த்தாள்.
அறுபத்தைந்தாவது இருக்கும் என்று
மனக்கணக்கு வைத்திருந்தேன்.
நாடா நாற்பத்து நான்கில் முடிந்தது.

"எங்கே போச்சு மீதி?"
"உடைஞ்சிருக்கும். சீப்பில், தலையணையில்,
ரயிலில் யாரோட பட்டனிலாவது.
நுனிதானே இருப்பதிலேயே கிழம்."

குலுக்கல் நாளின் முடி என்னிடம் இல்லை.
எப்போது விட்டுப்போனது என்றும் தெரியாது.
நாற்பத்து நான்கை மாதங்களாக மாற்றிப் பின்னோக்கிப் போனேன்,
கண்ணாடிக்கு முன்னால், விரல் விட்டு.
ஏப்ரலில் போய் நின்றது.

"நுனி பிளந்திருக்கு. ரெண்டு இன்ச் எடுத்தா
அழகா இருக்கும்" என்றாள்.
ரெண்டு இன்ச், நாலு மாதம்.
கத்திரி திறந்தது.
அடுத்த மாசம் வர்றேன் என்று எழுந்துவிட்டேன்.
அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும் முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

புது வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே போனால்
படுக்கையறைச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியில்
வளைந்த கறுப்பாய் ஒரு கோடு.
சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.
"தூரிகையின் நார்" என்கிறான் குணாளன்,
சுரண்டக் கத்தி தேடுகிறான்.

வேண்டாம் என்கிறேன்.
கட்டிலை இந்தப் பக்கம் போடலாம்,
அலமாரியை அந்தப் பக்கம்.
என் தலை தாழ்ந்திருக்கிறது,
பின்னல் வழுகி முன்னால் விழுந்து
நுனி அந்தச் சுவரைத் தொடுகிறது.